ஒரு நாற்காலியும் பதினாலு கட்டு மீசையும்

சாவதற்குள் சொந்த நாற்காலியில் ஒருநாள் உட்கார்ந்துவிடுவது என்று சபதம் எடுத்திருந்தேன். சிரிக்காதீர்கள். நான் சலூன்காரன். இருபத்தெட்டு வருஷமாக ஊரையே உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவன். வீட்டில் இருப்பதோ ஒரே குஷன் நாற்காலி. போன வருஷம் என் மச்சான் தன் தங்கைக்கு வாங்கிக் கொடுத்தது. நான் கிட்டே போனாலே, "எங்க அண்ணன் கொடுத்தது, அழுக்காயிடும்" என்பாள் என் பெண்டாட்டி. அந்த நன்றிக்கு மச்சானுக்கும் அவர் மூன்று பையன்களுக்கும் ஓசியில் முடி வெட்டுகிறேன்.

என் நம்பிக்கையெல்லாம் அலமாரியில் இருந்தது. தெருமுனைக் கடையில் சாமான் வாங்கினால் கூப்பன் தருவார்கள். அச்சு அசல் பண நோட்டு மாதிரியே இருக்கும். தலைவர் படம் இருக்க வேண்டிய இடத்தில் கடை முதலாளி மீசையோடு சிரிப்பார். பத்துக் கட்டுக்குச் சாதா குஷன் நாற்காலி, பதினைந்துக்குக் கால் நீட்டுகிற நாற்காலி. என் கஷ்டமே கால்தானே? பதினைந்துக்கே போவோம் என்று வேண்டாத சோப்பையெல்லாம் வாங்கினேன். ரப்பர் பேண்ட் போட்ட கட்டை மறுபடி பிரிக்க மாட்டேன். தடவிப் பார்ப்பதோடு சரி.

பதினாலாவது கட்டு சேர்ந்த அன்று கடை வாசலில் போர்டு மாட்டிவிட்டார்கள்: இன்றோடு மூடுகிறோம். போகட்டும், சாதா நாற்காலியாவது கிடைக்கட்டும் என்று பையோடு ஓடினேன்.

கல்லாக்காரர் முதல் கட்டைப் பிரித்தார். மேலே ஒரு மீசை. கீழே ஒரு மீசை. நடுவில் பழைய காலண்டர் தாள். பத்துக் கட்டு அப்படி.

"என்னய்யா, கூப்பனுக்கே கள்ள நோட்டா?"

வரிசையே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. தாளின் ஓரமெல்லாம் பிசிறில்லாத வெட்டு. என் சலூன் கத்தரிக்கோலேதான்! மிச்ச நாலு கட்டுக்கு ஒரு துடைப்பம் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் அவள் நாற்காலியில் சாய்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"என் கூப்பன் எங்கடி?"

"இதோ, அது மேலதான் உட்கார்ந்திருக்கேனே."

"இது உங்க அண்ணன் கொடுத்ததாச்சே!"

"அவனா? அவன் எந்தக் காலத்துல யாருக்குக் கொடுத்தான்? அவன் பேரைச் சொன்னாத்தான் நீங்க வாயைத் திறக்க மாட்டீங்க."

"அப்போ ஒரு வருஷமா நாலு தலைக்கு ஓசியில வெட்டினது?"

"நானா வெட்டச் சொன்னேன்?"

"கட்டுக்குள்ள காலண்டரை ஏன்டி வெச்ச?"

"தினம் தடவித் தடவிப் பார்ப்பீங்களே. மனசு உடைஞ்சிடக் கூடாதேன்னுதான்."

மனசு ஏற்கெனவே உடைந்துதான் கிடந்தது. காலும் கடுத்தது.

"சரி, எந்திரி. என் கூப்பன்ல வந்ததுதானே? இன்னிக்கு ஒருநாள் உட்கார்ந்துக்கறேன்" என்று கெஞ்சினேன்.

அவள் கைப்பிடியை முந்தானையால் துடைத்தாள்.

"நல்லா இருக்கே! கடையே மூடியாச்சு. இது உடைஞ்சா வேற எங்க போறது? கையிலதான் துடைப்பம் இருக்கே, பெருக்கிட்டுத் தரையில உட்காருங்க."