உன் அக்காவுக்குக் கிடைத்த ஸ்பானியச் சொல்

நல்லதண்ணி,
ஞாயிறு, பூசை முடிந்து.

ஸ்பெயினில், வலென்சியாவில் ஹோட்டல் வேலை பார்க்கும் அன்பு மச்சான் மைக்கலுக்கு, உன் அக்கா புருஷன் அலோசியஸ் எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே அனைவரும் சுகம். நீயும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுகிறேன். சுகம் என்று எழுதியது மரியாதைக்குத்தான். உண்மையில் எனக்கு வயிறு எரிகிறது, அதற்குக் காரணம் உன் அக்கா ஐவி. போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்றுதான் கடிதம்.

நாங்கள் இரண்டு அறைகளைச் சுற்றுலாக்காரருக்கு விடுவது உனக்குத் தெரியும். போன மாதம் ஸ்பானியர் நாலு பேர் வந்தார்கள். உன் அக்கா தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தபோது நாற்பது பெண்களை வரிசையில் நிறுத்திப் பெரட்டு எடுத்து, பெயர் பார்த்து வேலைக்கு அனுப்பியவள். வேலையை விட்டும் அந்தப் பழக்கம் விடவில்லை. காலை ஆறு மணிக்கு அந்த நாலு பேரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, அட்டை கடிக்காமலிருக்கக் காலுறைக்குள் உப்புப் போட்டார்களா என்று குனிந்து பார்த்தாள். "தண்ணி போத்தல் எங்க? இல்லாட்டி மலைப்பக்கம் போகப்படாது!" என்று தமிழில்தான் அதட்டினாள். தாடி வைத்த ஒருவன் ஓடிப்போய் எடுத்து வந்தான். புறப்படும்போது விருந்தினர் புத்தகத்தில் அவளைப் பற்றி 'இம்பொனென்தே' என்று எழுதினார்கள். பார்த்தாலே மரியாதையும் கொஞ்சம் பயமும் வரவைக்கும் ஆளாம், கைப்பேசி சொன்னது. என்னைப் பற்றி 'சிம்பாத்திகோ'. பழக இனிய மனிதராம்! முப்பத்திரண்டு வருடம் தோட்ட ஆபிசில் கிளாக்கராக இருந்தவனுக்கு இதுவா கிடைக்க வேண்டும்? அவர்கள் பெட்டியைச் சுமந்தது யார், மைக்கல்?

விடுவேனா? ஒரு பயணி விட்டுப்போன அகராதியில் நல்ல கனமான சொல்லாகத் தேடி 'தெமிப்லே' என்பதைப் பிடித்தேன். கேட் பலகையில் என் பெயருக்குக் கீழே சோக்குக்கட்டியால் எழுதினேன். கோட்டுப் போட்டு, சிரிக்காமல், பக்கத்திலேயே நின்றேன். அடுத்து வந்த ஸ்பானியத் தாயும் மகளும் பலகையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், நேரே உன் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்கள். பிறகு கைப்பேசியில் பார்த்தால், பயங்கரமானவன் என்று கொடிய மிருகத்துக்கும் கொள்ளைக்காரனுக்கும் சொல்வதாம் அது. ஐவி சட்டி பிடிக்கும் துணியாலேயே அதை அழித்துவிட்டு, "என்னங்க, வந்தவங்கள இப்படியா பயங்காட்டுறது?" என்றாள். சிரித்தாள் வேறு.

ஆகவே மச்சான், எனக்குப் பொருத்தமாக ஒரு சொல் அனுப்பு. அசத்துகிற ஆள் என்ற 'இம்பிரெசியொனாந்தே' போதுமா, ராஜகம்பீரம் என்ற 'மஹெஸ்துவோசோ' கொஞ்சம் அதிகமா? உன் அக்காவின் சொல்லைவிட ஒரு படி மேலே இருக்கட்டும். அடுத்து வருபவர்களிடம் மெதுவாகச் சொல்லிவிடுகிறேன்.

உன் மனைவிக்கு அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவர் உன் வேலையையும் முதுகையும் காப்பாராக.

இப்படிக்கு,
அலோசியஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதை எழுதுகிறேன். அந்தத் தாயும் மகளும் இன்று போனார்கள். புத்தகத்தில் என் பெயருக்கு எதிரே 'இம்பொனென்தே' இருக்கிறது! மூன்று தடவை வாசித்துவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். உன் அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு எழுதினதக் காட்டி நாந்தான் எழுதச் சொன்னேன். ஒரு மாசமா மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கீங்க, எனக்குத் தாங்கல," என்றாள். அவள் சொன்னதும் மறுபேச்சில்லாமல் எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சொல் வேண்டாம், மைக்கல். அவளுக்கு அதைவிடப் பெரியதாக ஒன்று இருந்தால் அனுப்பு, புத்தகத்தில் நானே எழுதுகிறேன்.