மூன்று பிள்ளைகளில் ஒரே ஒரு அநாதை

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் பெரிய தம்பி வணக்கத்துடன் எழுதுவது. அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலமாகத்தான் இருந்தோம், சின்னவன் வந்து சேரும் வரை. இதைப் போனில் சொல்லலாம் என்றால், நான் போனை எடுத்தாலே அவனுக்கு மூக்கில் வேர்த்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். அம்மா போன பிறகு அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு என்னிடம் வந்தானே, ஐம்பத்து நான்கு வயது, லிஃப்ட் மெக்கானிக், தலைக்கு டை அடிக்கிறவன், அவன் பார்க்கிறவர்களிடம் எல்லாம் தான் அநாதை ஆகிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். முடி வெட்டும் கடையில், ஏன் வாட்டமாக இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள், இவன் அந்தச் சொல்லை எடுத்துவிட்டான், உடனே எண்ணெய் தேய்த்துத் தலையைப் பிடித்துவிட்டு, கழுத்தைப் பிடித்துவிட்டு ஒரே உபசாரம். அடுத்த நாற்காலியில், அதே அப்பா அம்மாவுக்குப் பிறந்த நான், ஒருபக்க மீசையோடு காத்துக் கிடந்தேன். ஈரத் துண்டை என் நாற்காலியில் காயப்போடாதே என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு, மாடி வீட்டம்மா இறங்கி வந்து, அநாதைப் பிள்ளையைப் போய்த் திட்டலாமா என்று எனக்குப் புத்தி சொல்கிறார். பிள்ளையாம். அந்தப் பிள்ளைக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன்.

சரி, உள்ளதைத்தானே சொல்லப்போகிறோம் என்று, பூங்காவில் என்னோடு நடக்கிறவர்களிடம் நானும் இப்போது அநாதைதான் என்று வாயைக் கொடுத்தேன். பேத்தி எடுத்தவன் பேசுகிற பேச்சா இது என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் ஒரு புண்ணியவான் இதை என் வீடு வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டார். "குத்துக்கல்லாட்டம் நான் இருக்கேன், இவர் அநாதையாம்" என்று ஆரம்பித்தவள்தான் உன் தம்பி பெண்டாட்டி, இன்னும் நிறுத்தவில்லை. மகன் போன் செய்து, நாங்கள் எல்லாம் செத்தா போய்விட்டோம் என்று கேட்கிறான். அகராதியை எடுத்துக் காட்டினேன். தாய் தந்தை இல்லாதவர் என்றுதான் போட்டிருக்கிறது, வயது வரம்பு எதுவும் போடவில்லை. அவள் அடுத்த பொருளில் விரலை வைத்தாள்: ஆதரவற்றவர். யார் ஆதரவு தரவில்லை, சொல்லுங்கள் என்றாள். பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராகக் காலம் தள்ளியவன் நான். ரெண்டு வண்டிக்கும் பிரேக் போயிருக்கும்போது ஒரு வண்டிக்கு மட்டும் சாமான் கொடுத்தா இன்னொரு டிரைவர் சும்மா இருப்பானா?

நேற்று பொறுக்க முடியாமல் அவனையே கேட்டுவிட்டேன், அவங்க எனக்கும் அம்மாதானேடா என்று. அவன் நிதானமாக, "உனக்கு ஞாயித்துக்கிழமை போன்ல பேசுற அம்மா போயிட்டாங்க. எனக்கு தினம் சண்டை போடுற அம்மா போயிட்டாங்க" என்கிறான். எனக்கு வந்ததே கோபம்! அம்மா போன அன்றைக்கு, வந்தவர்களுக்கு நாற்காலி போடவும் டீ சொல்லவும்தான் எனக்கு நேரம் சரியாக இருந்தது. நான் அழவே இல்லை அக்கா. இப்பவாவது அழலாம்னு பார்த்தா, அதுக்கும் அவன் ஒருத்தன்தான் பாத்தியப்பட்டவனாம்.

மூத்தவள் நீதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒண்ணு, மூணு பேரும் அநாதை. இல்லையா, ஒருத்தரும் இல்லை. அவனைக் கூப்பிட்டு நறுக்கென்று நாலு கேள்வி கேள். கொஞ்ச நாள் உன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்தான்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு சௌக்கியமாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்துபோன
உன் பெரிய தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டி, முகவரி எழுதி, தபால் பெட்டியில் போடச் சொல்லிச் சின்னவனிடமே கொடுத்தேன். வாசல் வரை போனவன் திரும்பி வந்து அதை என்னிடம் நீட்டினான். உன் பெயருக்குப் பதிலாக அம்மா பெயரையும் பழைய வீட்டு முகவரியையும் எழுதியிருக்கிறேன். அவனைப் பற்றி நான் எழுதிய புகாரெல்லாம் எப்போதும் அங்கேதானே போகும். அவன் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "நீயும் அநாதைன்னு சொல்லிக்கோண்ணா" என்றான். எனக்கு அழுகைதான் வந்தது. உறையைக் கிழித்து இதை எழுதிச் சேர்க்கிறேன். அவனை ஒன்றும் கேட்காதே, அவன் இங்கேயே இருக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் எங்க பாட்டையே பாடிக்கிட்டு இருந்துட்டோம், உன்னை யாருமே கேட்கலையே. நீ எப்படி இருக்கே அக்கா?