ஆறு மாதப் படிப்பு, ஐம்பது சதம்

படிவம் நிரப்புவதில் கண்டி மஹய்யாவ பக்கத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நீண்டகாலம் நம்பிக்கொண்டிருந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா மாநகர சபைத் தொழிலாளி, இரண்டாம் வகுப்போடு நின்றவர். பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்த அம்மா அந்த இரண்டையும் பார்க்காதவர். ஆகவே எனக்கு ஒன்பது வயதானதிலிருந்து எங்கள் ஒழுங்கையிலுள்ள வீடுகளின் அடையாள அட்டை விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ், வங்கிச் சீட்டு எல்லாம் என்னிடம்தான் வரும்.

அதில் நானே எனக்கு இரண்டு சட்டங்கள் வகுத்திருந்தேன். படிவத்தில் எந்தக் கோட்டையும் வெறுமையாக விடக்கூடாது. யாரிடமும் எதையும் கேட்கக்கூடாது. (கேட்டால் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் நம்மைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்ப்பார். அந்தப் பார்வையைச் சின்ன வயதிலேயே போதுமான அளவு வாங்கிவிட்டேன்.)

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் வெளிநாட்டு நிறுவனமொன்று இணையத்தில் நடத்திய பிளாக்செயின் பாடநெறியில் சேர்ந்தேன். ஆறு மாதம். இதற்கு முட்டுக்கட்டையாக நின்றவர் அம்மாவின் அண்ணன், கடுகண்ணாவையில் பிரதான வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மாமா. அவருக்குக் காசு மேசையில் உட்கார நம்பிக்கையான ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்தான் என்று அவர் எப்போதோ முடிவு செய்திருந்தார்.

"பிளாக்செயின்னா என்னா புள்ள?" என்று கேட்டார்.

"ஊர்ல எல்லார் வீட்லயும் ஒரே கொப்பி இருக்குன்னு வைங்க மாமா. ஒருத்தர் எழுதினா எல்லாக் கொப்பியிலயும் விழும். தனியா யாரும் அழிக்க முடியாது."

"அப்ப எவன் என்ன வாங்கினான்னு ஊருக்கே தெரியுமே. அப்புறம் எவன் கடைக்கு வருவான்?"

கடைசியில் அப்பாவும் அவரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஆறு மாதத்தில் சான்றிதழ் கைக்கு வந்தால் நான் விரும்பிய வேலை தேடலாம். வராவிட்டால் கடுகண்ணாவைக் கடை. அந்தக் காசு மேசையைச் சுற்றி கம்பிவலை அடித்திருக்கும். அதற்குள் உட்கார்ந்தபடி நான் முப்பது வயதைத் தாண்டுவதைப் போலக் கனவெல்லாம் வந்திருக்கிறது.

பாடநெறி முடிந்தது, தேறிவிட்டேன். சான்றிதழ் காகிதத்தில் வராது. அந்த நிறுவனத்தின் சொந்த நெட்வொர்க்கில் என் பெயரில் பதிந்துவிட்டார்கள். அதைப் பார்க்கக் கைபேசியிலுள்ள வாலட் செயலியைத் திறக்க வேண்டும். ஆனால் அந்தச் செயலிக்குப் பிரபலமான சில நெட்வொர்க்குகளை மட்டும்தான் தெரியும். மற்றவற்றை நாம்தான் அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும்: பெயர், இணைய முகவரி, இலக்கம், நாணயக் குறியீடு. அதாவது, ஒரு படிவம். என் சந்தோஷத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவை வரச்சொன்னோம். முதல்நாளே ஒருதடவை செய்து பார்த்திருக்கலாம். செய்யவில்லை. ஒத்திகை பார்ப்பது தெரியாதவர்களின் வேலை என்பது என் எண்ணம். மாமா நல்ல கதிரையில் உட்கார்ந்தார், அப்பா பக்கத்தில் நின்றார், அம்மா பிளேன்டீயோடு வந்து நின்றுவிட்டார். நான் நடுவில் கைபேசியோடு, ஒரு பதிவாளரின் தோரணையில்.

நிறுவனத்தின் மின்னஞ்சலைத் திறந்து அதில் மேலே இருந்த விபரங்களை மளமளவென்று செயலியில் அடித்தேன். பெயர், முகவரி, இலக்கம். அடுத்து நாணயக் குறியீடு. மின்னஞ்சலில் அதற்கும் ஏதோ நான்கெழுத்து கொடுத்திருந்தார்கள். நான் பார்க்கவேயில்லை. வங்கிப் படிவத்தில் நாணயம் என்ற இடத்தில் பத்து வருடமாக எழுதி வந்ததை என் விரல் தானாக அடித்தது: எல்.கே.ஆர். இலங்கை ரூபாய்.

திரையில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை வந்தது.

"அது என்னா மஞ்சளா?" என்றார் மாமா.

"அது சும்மா மாமா. வெளங்காதவங்களுக்காகப் போடுறது."

அழுத்தினேன். திரை மாறியது. மேலே நான் தமிழிலேயே போட்டு வைத்திருந்த என் பெயர், மாலினி. கீழே கொட்டை எழுத்தில், 0.5 எல்.கே.ஆர். சான்றிதழ் இருக்க வேண்டிய இடம் துடைத்துவிட்டாற்போல் வெறுமையாக இருந்தது.

மாமாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் இலக்கமும் எல்.கே.ஆரும் எந்த மொழியிலும் வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"சைபர் புள்ளி அஞ்சு. அரை ரூவா, அம்பது சதம்."

"அது சல்லி இல்ல மாமா."

"எல்.கே.ஆர்னு போட்டிருக்கே. நானும் பேங்குக்குப் போறவன்தானே."

"அது நான் போட்டது."

"நீயே போட்டுக்கிறதா? அப்ப கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாமே."

"ஆறு மாசத்துக்கா அண்ணே அம்பது சதம்?" என்றார் அம்மா, குரலைத் தாழ்த்தி.

"மாசத்துக்கு எட்டுச் சதம், சொச்சம்."

அப்பா மட்டும் எனக்காகப் பேசினார். "தொடக்கத்துல எல்லா எடத்துலயும் கொறச்சுத்தான் குடுப்பாங்க, மச்சான்."

அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. நான் பொய் சொன்னேன். சான்றிதழ் வந்து சேரக் கொஞ்ச நாளாகும், நெட்வொர்க்கில் நெரிசல் என்றேன். மாமா கிளாஸைக் கீழே வைத்தார்.

"வர்றப்ப வரட்டும். நாளைக்குக் காலைல பஸ் ஏறி கடைக்கு வந்துரு."

எவ்வளவு சின்ன விஷயம் பாருங்கள். எங்கேயோ பிழை விட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லை. ஒன்பது வயதிலிருந்து எல்லோரும் என்னைக் கேட்டார்கள், நான் கேட்க யாரும் இருந்ததில்லை. எனக்கும் தெரியாது என்று ஆகிவிட்டால் இந்த வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்? அந்தப் பயத்துக்குத்தான் கெட்டித்தனம் என்று பெயர் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் திரிந்திருக்கிறேன். இது அப்போது விளங்கவில்லை. அப்போது கண்ணில் தெரிந்தது கம்பிவலை மட்டும்தான்.

"மாமா," என்றேன். "எனக்கு இது என்னான்னு வெளங்கல. நான் எங்கயோ பிழையாப் போட்டுட்டேன்."

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அம்மா பயந்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

மாமா கையை நீட்டினார். "எதப் பாத்துப் போட்ட? அதக் காட்டு."

மின்னஞ்சலைக் காட்டினேன். மொத்தக் கடையிலிருந்து சாமான் வந்தால் பில்லைச் சரிபார்ப்பாரே, அதே மாதிரி கட்டைவிரலால் மெதுவாக மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். எழுத்து எதையும் அவர் வாசிக்கவில்லை. இலக்கங்களை மட்டும்தான் பார்த்தார்.

"மேல ஒரு நம்பர் இருக்கு. கீழ அதே மாதிரி இன்னொரு பட்டியல், அதுல வேற நம்பர். இதுல எது உன்னுது?"

நான் மின்னஞ்சலின் அடிவரை போகவேயில்லை. மேலே இருந்தது பயிற்சி நெட்வொர்க். பாடத்தின்போது செய்து பழகுவதற்காக எங்களுக்கு 0.5 விளையாட்டு நாணயம் போட்டிருந்தார்கள். எந்தக் கடையிலும் செல்லாது. அதற்குத்தான் நான் இலங்கை ரூபாய் என்று பட்டம் சூட்டியிருந்தேன். சான்றிதழ் பதிந்த நெட்வொர்க்கின் விபரம் கீழே, இரண்டாவது பட்டியலில்.

மறுபடி நிரப்பினேன். இம்முறை மாமா இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் அடித்தேன். நாணயக் குறியீட்டை எழுத்தெழுத்தாகப் பார்த்துப் போட்டேன். சில விநாடிகளில் நீலக்கரை போட்ட சின்னச் சான்றிதழ் ஒன்று மெதுவாகத் தெளிந்து வந்தது.

மாமா அதை நெடுநேரம் பார்த்தார். பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும்.

"பில்லு பிழையா இருந்தா என்னால சும்மா இருக்க முடியல," என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். "இப்ப கடைக்கு வேற ஆளத் தேடணும்."

இப்போது கண்டி நகரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு நாளைக்கு நாலு தடவையாவது தெரியாது என்று சொல்கிறேன். இன்னும் யாரும் வேலையை விட்டுத் தூக்கவில்லை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அமளியில், நாங்கள் யாரும் கவனிக்காதபோது, அப்பா தன் போனில் இரண்டு திரைகளையும் படம் எடுத்திருக்கிறார். அடுத்த வாரம் அதில் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். சான்றிதழை அல்ல. 0.5 எல்.கே.ஆரை.

"அப்பா, இது பிழையான படம்."

"தெரியும்மா. மத்ததுல எழுத்தெல்லாம் சுருட்டி சுருட்டிக் கெடக்கு. இதுலதான் மாலினின்னு நேரா எழுதியிருக்கு. எனக்கே வாசிக்க முடியுது."

படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாமா வரும்போதெல்லாம் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து, வீட்டுக்கு வந்த விருந்தினர் யாராக இருந்தாலும் அவர்களுக்கு ஒருதடவை விளக்கிச் சொல்வார்:

"நம்ம புள்ளையோட மொத சம்பளம். சட்டம் போட்ட செலவு மட்டும் வேற."