பாராட்டு விழாவில் நான் பேசிய ஏற்புரை

சிலருக்குக் குடி, சிலருக்குச் சீட்டு. எனக்கு மரியாதை. யாராவது ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, 'உக்காருங்க அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டால் போதும், வீட்டையே எழுதிக் கொடுத்துவிடுவேன். (வீடு என் மனைவி ராஜத்தின் பெயரில் இருப்பது குலதெய்வத்தின் புண்ணியம்.) இந்தக் கெட்ட பழக்கத்தால் ஒரு தடவை பல வீடுகளுக்கு உலை வைக்கப் பார்த்தேன்.

சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம் போகிற வழியில் இருந்த ஒரு நூல் மில்லில் நான் ஃபிட்டர். மீசை முளைத்த புதிதில் உள்ளே போனவன், அது நரைத்த பிறகும் அங்கேதான் கிடந்தேன். ஒருநாள் பழைய மிஷின்கள் ஓடும் பிரிவை மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்தப் பிரிவில் இருந்த எல்லாருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். மிஷினுக்கும் எங்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. ஆனால் மிஷினை வாங்க ஆள் வந்திருந்தது.

சட்டம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆட்குறைப்பு செய்தால், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும்; கிராஜுவிட்டி அது போகத் தனி. முதலாளியோ அந்தப் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை. "மொதல்ல உங்களுக்கு ஒரு பாராட்டு விழா வைக்கணும்" என்றார்.

எங்களில் நூல் சுற்றும் வேலை பார்த்தவள் இசக்கியம்மாள். புருஷனின் வைத்தியத்துக்காக வீட்டை அடமானம் வைத்திருந்தாள். அவரும் தங்கவில்லை. இழப்பீடு வந்தால்தான் வீடு மீளும் என்ற நிலைமை. அவள்தான் யோசனை சொன்னாள்.

"அண்ணாச்சி, ஏற்புரைன்னு நம்ம ஆள்ல ஒருத்தரப் பேசச் சொல்லுவாங்கள்லா? நீங்க ஏறுங்க. ஊர்ப் பெரிய மனுசங்க முன்னால வச்சு, பணத்த எப்பத் தருவீகன்னு கேட்டுருங்க. அங்கன வச்சு இல்லன்னு சொல்ல முடியாதுல்லா?"

"கேட்டுருதேன்" என்றேன்.

ராஜத்துக்கு மட்டும் சந்தேகம். "இவுகளயா பேசச் சொல்லுத? காய்க்காரன் ஒரு 'ஐயா' போட்டாப் போதும், அழுகுன கத்திரிக்காயத் தூக்கிட்டு வருவாக" என்றாள். இசக்கியம்மாள் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது.

விழாவன்று முதலாளியே வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அதுவரை எனக்கு மில்லில் பெயரே கிடையாது. 'அந்த ஃபிட்டரக் கூப்பிடு' தான். அன்றைக்கு "சண்முகம் அண்ணாச்சி, வாங்க" என்றார். மாலை போட்டார். சால்வை போர்த்தினார். குனிந்து என் காலைத் தொட்டார். (முழங்காலைத்தான் தொட்டார். அதற்குக் கீழே குனியத் தொப்பை விடவில்லை.) மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்த கேள்வி போன இடம் தெரியவில்லை. "இவுக குடும்பம் நமக்குச் சோறு போட்ட குடும்பம்" என்று ஆரம்பித்தேன். கைதட்டல் வந்தது. தட்டியவர்கள் எல்லாரும் முன்வரிசையில் இருந்த ஆபீஸ் ஆட்கள் என்பதைப் பார்க்கிற நிதானத்தில் நான் இல்லை. எனக்கு ஆவேசமே வந்துவிட்டது.

"முதலாளி எங்களுக்கு ஒரு குறையும் வைக்கல. நாங்க கேக்கதுக்கு ஒண்ணுமே இல்ல. இந்த மரியாதை ஒண்ணே போதும்!"

பின்வரிசையில் ஒருத்தரும் அசையவில்லை. இசக்கியம்மாள் எழுந்தாள், செருப்பை மாட்டினாள், சாப்பிடாமல் போய்விட்டாள். இரண்டாம் தடவை பாயசம் வாங்கும்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

வீட்டில் ராஜம் கத்தவில்லை. "உங்களுக்கு மரியாதை போதும், சரி. அவளுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். விசாரணையன்று முதலாளியின் வக்கீல் செல்போனை நீட்டினார். அதில் சால்வையும் மாலையுமாக நான் முழங்கிக்கொண்டிருந்தேன். அதிகாரி கடைசிவரை பார்த்தார்.

"நல்லாத்தான் பேசியிருக்கீங்க ஐயா. ஆனா சட்டம் கொடுத்த உரிமையை மேடையில வேண்டாம்னு சொல்லிட்டா, அது போயிடாது" என்றார்.

போகாதுதான். ஆனால் அந்த வீடியோவைக் காட்டிக் காட்டியே வாய்தா வாங்கி இழுத்தடித்தார்கள். கடைசியில் பணம் வந்தது. இசக்கியம்மாளின் வீடும் மீண்டது. ஆனால் அதற்குள் ஏறிய வட்டி, முதுமைக்கென்று அவள் நினைத்திருந்த மிச்சத்தைத் தின்றுவிட்டது. முட்டுவலியோடு பூ மார்க்கெட்டில் பூக்கட்ட உட்கார்ந்தாள். இன்றைக்கும் அங்கேதான் உட்காருகிறாள்.

அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பேசுவதைத்தான் நிறுத்திவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பூ மார்க்கெட் பக்கம் போக நேர்ந்தால் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போவேன்.

அப்புறம் என் மகள் கல்யாணம் வந்தது. ராஜம் போய் அழைத்ததால் இசக்கியம்மாள் வந்திருந்தாள். வரவேற்பில் பாட்டுக் கச்சேரிக்காரர், "பொண்ணோட அப்பா ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்று மைக்கை நீட்டினார். நானும் கையை நீட்டினேன். (பட்டும் புத்தி வரவில்லை பாருங்கள்.) நடுவில் ஒரு கை வந்து அதைப் பிடுங்கியது. இசக்கியம்மாள்.

"இவுகளப் பேச விடாதீக! பேச விட்டா, மொய்யே வேண்டாம், நீங்க வந்ததே போதும்னு சொல்லிப்புடுவாக!"

மண்டபமே சிரித்தது. மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இன்றைக்கும் நான் யாரிடமாவது குழைய ஆரம்பித்தால், "மாமா, மொய் வேண்டாமா?" என்கிறார் மருமகன்.

சிரிப்பு அடங்கியதும் இசக்கியம்மாள் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கம் பார்த்தாள்.

"சாப்பிட்டியளா அண்ணாச்சி?"

அத்தனை பேர் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதேன். மகளைப் பிரியப்போகிற தகப்பன் அழுகிறான் என்று சம்பந்தி வீட்டார் தட்டிக்கொடுத்தார்கள்.