பசி டொக்டரும் பதினாறு வயிறும்

வயிற்றைத் தட்டிப் பார்த்து இன்ன பசி என்று பெயர் சொல்லக்கூடிய ஆள் இந்தத் தீவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் கெலிஓயாவில், எங்கள் ஒழுங்கையில், எங்களுக்கு எதிர்வீட்டில் இருந்தார். அதை எங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

டொக்டர் என்றால் மருந்து எழுதுகிற டொக்டர் இல்லை. சந்தியில் கேஸ் அடுப்புத் திருத்தும் சின்னக் கடை வைத்திருந்தார். அடுப்பைத் திருத்தப் போகும் வீடுகளில் யார் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே இந்தத் துறையில் தேறிவிட்டதாக அவரே சொல்வார். சொந்தப் பெயர் ஒன்று வாக்காளர் இடாப்பில் கட்டாயம் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் பசி டொக்டர்.

உலகத்தில் மொத்தம் நாலே நாலு பசிதான் என்பது அவர் கண்டுபிடிப்பு. வயித்துப்பசி, கண்ணுப்பசி, மூக்குப்பசி, சும்மாப்பசி. இதில் முதலாவதுக்கு மட்டும்தான் சோறு. மற்ற மூன்றுக்கும் சோறு போடுகிறவன் ஏழையாவான் என்பார். வழியில் யாராவது "பசிக்குது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும். அந்த இடத்திலேயே நிறுத்தி, தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி இரண்டு விரலால் வயிற்றைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார்.

ஒருநாள் பேக்கரியில் மீன் அடைத்த மாலுபணிஸ் வாங்க நின்றேன். பின்னாலிருந்து டொக்டரின் குரல்.

"தம்பி, கண்ண மூடுங்க. மூடிக்கிட்டு மூணு தடவ 'ரொட்டி'ன்னு சொல்லுங்க."

சொன்னேன். பேக்கரியே என்னைப் பார்த்தது.

"இப்ப என்ன வேணும்?"

"மாலுபணிஸ்தான்ணே."

"அப்ப அது பசி இல்ல, காதல். வாங்கிச் சாப்பிடுங்க, தப்பில்ல. ஆனா பசின்னு பொய் சொல்லாதீங்க."

பெயரின் மகிமையால் ஒருமுறை நிஜமாகவே ஒரு நோயாளி வந்துவிட்டார். கம்பளைப் பக்கத்திலிருந்து ஒரு சிங்களப் பெண், சாப்பிட மறுக்கும் மகனைத் தூக்கிக்கொண்டு, விசாரித்து விசாரித்துக் கடைக்கே வந்து நின்றாள். தான் டொக்டர் இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஸ்டூலைத் துடைத்து அவளை உட்காரவைத்து, பையனின் வயிற்றைத் தட்டிப் பார்த்து அரைகுறைச் சிங்களத்தில் வைத்தியம் சொன்னார். ஒருநாள் முழுக்க அவனைச் சாப்பிடக் கூப்பிடக் கூடாது. அவன் பார்க்கும்படி, ஆனால் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அம்மாவும் அப்பாவும் ருசித்துச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். மறுவாரம் அவள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். அதன்பிறகு ஒரு மாதத்துக்கு டொக்டர் எங்களோடு பேசும் தோரணையே வேறு.

அவர் கணக்குப் பிசகியதும் உண்டு. ஒரு கல்யாண வீட்டில் சமையல்காரரைப் பிடித்து, "இந்தக் கூட்டத்துல முக்காவாசி மூக்குப்பசி. இன்னொரு சட்டி சோறு போடாதீங்க" என்று தடுத்துவிட்டார். கடைசிப் பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு வெறும் இலைதான் மிச்சம். சண்டை வந்தது. டொக்டர் அசையவில்லை. "மாப்பிள்ள வீடு தெல்தோட்டைன்னு எனக்கு யாரு சொன்னா? அவ்வளவு மலையும் எறங்கி வந்தவங்கன்னு தெரிஞ்சா நான் வேற மாதிரி சொல்லியிருப்பேனே!"

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் வாழ்க்கையின் முக்கியமான ஒரு நாளை ஒப்படைத்தோம்.

கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற அந்தக் காலத்துக்கு முன்பே, மகள் தர்ஷினியிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். கொழும்புப் பக்கம் உள்ள தண்ணீர்ச் சறுக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாக. பிறகு விலைவாசி ஏறியது. என் சம்பளம் ஏறவில்லை. "அடுத்த லீவுக்குப் போவோம்மா" என்பேன். ஒவ்வொரு லீவிலும் கேட்டாள். பிறகு ஒரு லீவில் கேட்கவில்லை. அதற்கடுத்த லீவிலும் கேட்கவில்லை. பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. கேட்பதை நிறுத்தியபோதுதான் நானே லீவு நாட்களை எண்ணத் தொடங்கினேன்.

நிலைமை கொஞ்சம் தேறியதும், ரிஸ்வான் நானா குடும்பம், மேல்வீட்டு யாழ்ப்பாணத்து மாஸ்டர் குடும்பம், நாங்கள் என்று மூன்று வீடும் சேர்ந்து ஒரு வேன் பேசினோம். வேனும் டிக்கட்டும் எப்படியோ சரிவந்தன. சாப்பாட்டில்தான் முட்டியது.

"உள்ளுக்கை சாப்பாடு கொண்டுபோக விடமாட்டாங்கள்" என்றார் மாஸ்டர். "நான் ஃபோனிலை பாத்தனான். அங்கை ஒரு பிளேட் ரைஸ் விக்கிற விலைக்கு எங்கடை வீட்டிலை மூண்டு நாள் சமைக்கலாம்."

"அப்ப டிக்கட் எடுத்தா சாப்பாடு இல்ல, சாப்பாடு எடுத்தா டிக்கட் இல்ல" என்றாள் என் மனைவி வசந்தி.

எல்லோரும் எழுந்து எதிர்வீட்டுக்குப் போனோம்.

டொக்டர் முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வெளிய வந்துட்டு திரும்ப உள்ள போக விடுவாங்களா?"

"ஓம். கையிலை ஒரு பட்டி கட்டுவாங்கள். அதைக் காட்டினால் விடுவாங்கள்" என்றார் மாஸ்டர்.

"அப்ப போதும். காலைல வீட்ட விட்டுக் கெளம்பும்போதே மொத்தமா தேங்காய் ரொட்டியும் தொட்டுக்க கட்டசம்பலும். அது மத்தியானம் வரைக்கும் அசையாது. மத்தியானம் வெளிய வந்து, வேன்ல சோத்துப் பார்சல். பின்னேரம் பிஸ்கட்டும் பிளேன் டீயும். நானும் எங்க வீட்டுக்காரியும் கூட வாறோம். ஆனா எனக்கு பீஸ் ஒண்ணு இருக்கு."

ரிஸ்வான் நானா திடுக்கிட்டார். "என்ன டொக்டர், பீஸா?"

"அன்னிக்கு ஒருநாள் முழுக்க, 'காசு இல்ல'ங்கற வார்த்த யார் வாயில இருந்தும் வரக்கூடாது. புள்ளைங்க என்ன கேட்டாலும் எங்கிட்ட அனுப்புங்க. நான் பார்த்துக்கிறேன். புள்ளைங்க பசியைத் தாங்கிக்கும். நம்ம மூஞ்சி போற போக்கத்தான் அதுங்களால தாங்க முடியாது."

வசந்திதான் முதலில் தலையாட்டினாள்.

டிரைவரைச் சேர்க்காமல் பதினாறு பேர். விடிவதற்குள் எல்லோருடைய வயிற்றிலும் ரொட்டியை ஏற்றி, ஒவ்வொருவரையும் தட்டிப் பார்த்துத்தான் வேனுக்குள் விட்டார். மாஸ்டர் கூச்சத்தோடு சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரையும் விடவில்லை.

கடுகண்ணாவை இறக்கத்தில் டொக்டரின் கண்ணுப்பசி வைத்தியம் தொடங்கியது. வீதியோரத்தில் அவித்த சோளக் கடை ஒன்று தெரிந்ததும், "அந்தா ஆனை! எல்லாரும் வலது பக்கம் பாருங்க!" என்று கத்தினார். பிள்ளைகள் எல்லாம் வலது பக்க ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள். ஆனை இல்லை. அதற்குள் சோளக் கடை கடந்துவிட்டது. அடுத்து ரம்புட்டான் கடை. மறுபடியும் ஆனை, இந்தமுறை இடது பக்கம். மூன்றாவது தடவைக்குள் பிள்ளைகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. டொக்டர் எந்தப் பக்கம் ஆனை என்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் பார்த்தால் தின்பண்டம்!

கேகாலையைத் தாண்டுவதற்குள் நிஜமாகவே ஒரு ஆனை வந்தது. பாகனோடு, வாயில் கித்துள் பனை மட்டையைக் கவ்விக்கொண்டு, வேனை உரசுகிற மாதிரி நடந்து போனது. பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினோம். ஒரு பிள்ளை அந்தப் பக்கம் திரும்ப வேண்டுமே! அத்தனை பேரும் எதிர்ப்பக்க ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "எங்க? என்ன கடை?" என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

பூங்காவுக்குள் போனோம். சறுக்கு மரங்கள் மாடி உயரத்துக்கு வளைந்து வளைந்து இறங்கின. தர்ஷினி வாசலிலேயே நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நெசமாவே வந்துட்டோமா?" என்றாள். பதில் சொல்வதற்குள் ஓடிவிட்டாள்.

டொக்டர் ஒரு பெஞ்சில், நீச்சல் குளத்துக்குக் காவல்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மத்தியானம் வரை அவருக்கு வேலை இல்லை என்பது அவர் எண்ணம்.

பத்து மணியிருக்கும். ரிஸ்வான் நானாவின் கடைசி மகன் பல் கிட்டிக்க, நடுங்கிக்கொண்டு வந்து நின்றான். "டொக்டர் மாமா, பசிக்குது."

"சும்மாப்பசி" என்றார் டொக்டர் தட்டாமலே. பின்னாலேயே மாஸ்டரின் இரண்டு பிள்ளைகள். அதற்குப் பின்னால் என் மகனும் மகளும். ஒவ்வொருவராகத் தட்டினார். தட்டத் தட்ட அவர் முகம் மாறியது. கடைசியில் மெதுவாக, கல்யாண வீட்டுச் சண்டையில்கூட இறங்காத குரலில் சொன்னார்.

"தம்பி, இது வயித்துப்பசிதான். ரொட்டி மொத்தமும் எறங்கிருச்சு. தண்ணியில குதிச்சா இப்படி ஒரு பசி வரும்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

நாலு பசிக்கு மேல் ஐந்தாவது ஒன்று இருந்தது. தண்ணிப்பசி. வேனுக்கு ஓடினோம். மத்தியானப் பார்சல்கள் எல்லாம் பதினொரு மணிக்குள் காலி. பின்னேரப் பிஸ்கட்டும் அதோடு போயிற்று. பெரியவர்களும் குளத்தில் இறங்கியிருந்தோம் அல்லவா, நாங்களும் விட்டுவைக்கவில்லை.

ஒன்றரை மணிக்குப் பிள்ளைகள் இரண்டாவது தடவை வந்து நின்றார்கள். எதிரே சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கோழி பொரிக்கும் வாசனை. ரிஸ்வான் நானா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். தர்ஷினி எங்கள் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "எனக்கு அவ்வளவு பசியில்லப்பா" என்றாள்.

வசந்தி வாயைத் திறந்தாள். டொக்டர் கையை உயர்த்தினார். "தங்கச்சி, பீஸ்!"

அவர் எழுந்தார். "கொஞ்ச நேரம் இருங்க" என்று சொல்லிவிட்டு, கைப்பட்டியைக் காட்டி வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டார். எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. டொக்டரம்மாவைக் கேட்டோம். "தோத்துப் போயிட்டா வீட்ட சுத்தி நடப்பாரு. இங்க வீடு இல்லையே, ரோட்ட சுத்தி நடக்கிறாரு போல" என்றார்.

அரை மணித்தியாலம் போனது. வியர்த்து வழிந்துகொண்டு திரும்பி வந்தார். "எல்லாரும் வாங்க. சாப்பாடு ரெடியாகுது."

ஈரத் துணியோடு வரிசையாக அவர் பின்னால் நடந்தோம். வீதியைக் கடந்து ஒரு சின்னப் பாதை. பாதை முடிவில் ஒரு வீடு. முற்றத்தில் ஒரு சிங்கள அம்மா பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். டொக்டர் வேலிப்பக்கமாக நடந்து போனபோது அவரைக் கண்டு, தெரிந்த சிங்களத்தை எல்லாம் திரட்டி, "நோனா, ளமயின்ட படகினி" என்றிருக்கிறார். பிள்ளைகளுக்குப் பசி. அவ்வளவுதான். எத்தனை பிள்ளைகள் என்று அந்த அம்மா கேட்டதற்கு, "கொஞ்சம்தான்" என்றிருக்கிறார்.

அந்தக் கொஞ்சம், தண்ணீர் சொட்டச் சொட்டப் பதினாறு உருவமாக முற்றத்தில் வந்து நின்றது. அந்த அம்மா எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, சிரித்துச் சிரித்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்து இன்னொரு பலாக்காய்க்குச் சொன்னார். எங்கள் வீட்டுப் பெண்கள் தேங்காய் துருவ உட்கார்ந்தார்கள். மாஸ்டர் தண்ணீர் அள்ளினார்.

அவித்த பலாச்சுளை, துருவிய தேங்காய், இடித்த மிளகாய்ச் சம்பல், ஒரு பெரிய கேத்தல் நிறைய இஞ்சி போட்ட பிளேன் டீ. விறாந்தை முழுக்க உட்கார்ந்து சாப்பிட்டோம். தர்ஷினி இரண்டாவது பிளேட்டுக்குக் கை நீட்டிவிட்டு, என் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, இதுவும் டிக்கட்டுல சேர்த்தியா?"

என் பிளேட்டிலிருந்த பலாச்சுளையை எடுத்து அவள் பிளேட்டில் வைத்தேன். "ஆமாம்மா" என்றேன். "எல்லாம் சேர்த்திதான்."

"நல்ல எடம்ப்பா" என்றாள்.

அதுவரை டொக்டர் பரிமாறிக்கொண்டே இருந்தார். அவர் காலை ரொட்டிக்குப் பிறகு எதையும் தொடவில்லை என்பது அப்போதுதான் டொக்டரம்மா சொல்லித் தெரிந்தது. பார்சல் போதாமல் போகுமோ என்று தன்னுடையதையும் பிள்ளைகளுக்கே கொடுத்திருக்கிறார். அந்த வீட்டு அம்மா அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். டொக்டர் உட்கார்ந்தார். சாப்பிட்டார். இன்னும் சாப்பிட்டார். நாலாவது பிளேட்டில் ரிஸ்வான் நானா பொறுக்க முடியாமல் கேட்டார்.

"டொக்டர், இது என்ன பசி?"

"தொந்தரவு பண்ணாதீங்க நானா, ஆராய்ச்சி நடக்குது" என்றார் வாய் நிறைய.

காசு கொடுத்தபோது அந்த அம்மா கையைத் தட்டிவிட்டார். டொக்டருக்கு மனம் கேட்கவில்லை. குசினிக்குள் போய் அந்த அம்மாவின் கேஸ் அடுப்பைக் கழற்றித் துடைத்து, நீல நெருப்பு நேராக நிற்கும்வரை விடவில்லை. பிள்ளைகள் மறுபடி பூங்காவுக்கு ஓடினார்கள். மூடும்வரை சறுக்கினார்கள். திரும்பும் வழியில் சோளக் கடை வந்தபோது ஒருவர்கூட விழித்திருக்கவில்லை. டொக்டர் மட்டும் முன்சீட்டில் உட்கார்ந்து, பின்னால் திரும்பித் திரும்பித் தூங்குகிற முகங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். அன்று முழுக்க எங்கள் யார் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வரவில்லை. அவருடைய பீஸை முழுதாகக் கட்டியிருந்தோம்.

டொக்டர் இப்போது எங்கள் ஒழுங்கையில் இல்லை. அவர் மகள் பன்விலையில் டீச்சர். அவளுக்குக் குழந்தை பிறந்ததும் டொக்டரும் டொக்டரம்மாவும் அங்கே போய்விட்டார்கள். கிளம்பிய அன்று த்ரீவீலர் வாசலில் நின்றது. எங்கள் வீட்டிலிருந்து இடியப்பமும் சொதியும், ரிஸ்வான் நானா வீட்டிலிருந்து வட்டிலப்பம், மாஸ்டர் வீட்டிலிருந்து பயத்தம் பணியாரம். யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. இன்னும் நாலைந்து வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்துவிட்டார்கள்.

"இந்தா இருக்கிற பன்விலைக்கு இவ்வளவா? கணக்கு வழக்கு தெரியாத ஜனங்க!" என்று திட்டினார். திட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கி மடியில் அடுக்கினார். இடம் போதவில்லை. தன்னுடைய பெட்டி ஒன்றை இறக்கி எங்கள் விறாந்தையில் வைத்துவிட்டு, பிறகு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

பெட்டி இன்னும் இங்கேதான் இருக்கிறது. பன்விலை பஸ்ஸில் போட்டுவிடலாமா என்று வசந்தி போன கிழமை கேட்டாள். வேண்டாம் என்றேன். அது இங்கே இருந்தால்தானே அவர் வருவார்.