இடம்பெயர்ந்த கல்

பூசிமெழுகிகள் என்றொரு இனம் உண்டு. அவர்கள் பொய் சொல்வதில்லை. அதற்கு மனம் வராது. உண்மையைக் குளிப்பாட்டி, தலை சீவி, பவுடர் பூசி, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாதபடி வெளியே அனுப்பிவைப்பார்கள். அவ்வளவுதான்.

கண்டியில் அந்த இனத்தின் தலைமகன் ஸ்ரீஸ்கந்தராசா. யாழ்ப்பாணத்தவர்; முப்பது வருடம் அரசாங்க மொழிபெயர்ப்பாளர். எண்பத்துமூன்றில் அவர் குடியிருந்த வீட்டைக் கொளுத்தினார்கள். நட்டஈட்டுப் படிவத்தைத் தமிழாக்கும் வேலை அவரிடமே வந்தது. 'எரிந்த வீடு' என்றெழுதக் கை கூசியது. 'அசம்பாவிதத்தால் பயன்பாடிழந்த கட்டடம்' என்று எழுதி, அதே படிவத்தில் தன் பெயரையும் நிரப்பிக் கொடுத்தார். வீட்டிலும் அப்படித்தான். மனைவி தவமணி சோற்றை அடிப்பிடிக்க விட்டால், சோறு உரிய கட்டத்தைத் தாண்டிவிட்டது என்பார். கருகிப்போச்சு எண்டு சொல்லுங்கோவன் என்று தவமணி கெஞ்சியும் பார்த்தார். நடக்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழில், யுத்தம் திரும்ப மூண்டிருந்த காலத்தில், திகனப் பக்கம் டொலமைட் கல்லுடைக்கிற ஒரு கம்பனி ஓய்வுபெற்றிருந்த அவரைத் தேடி வந்தது. மலையில் பாதியை லொறிகளில் ஏற்றி அனுப்பிவிட்ட அந்தக் கம்பனி, வருடா வருடம் பளபளக்கும் தாளில், அட்டையில் பச்சை இலை போட்டு, 'நிலைபேறான அபிவிருத்தி அறிக்கை' ஒன்றை வெளியிடும். ஊரார் படிக்க அது தமிழிலும் வேண்டுமாம். ஆங்கிலத்தில் யாரோ கவனமில்லாமல் தூசி என்றே எழுதியிருந்தார்கள்; இவர் அதைக் 'காற்றோடு பயணிக்கும் கனிமத் துகள்' ஆக்கினார். கிணறுகள் வற்றவில்லை, 'நிலத்தடி நீர் ஆழத்தை நாடியது'. முகாமையாளர் பூரித்துப்போனார். இனிமேல் முதலில் தமிழில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாராம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வெடி வைத்தார்கள். தேங்காயளவு கல்லொன்று பறந்துபோய், மலையடியில் குடியிருந்த றவூப் என்பவரின் தகரக் கூரையைத் துளைத்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவரின் காலில் விழுந்தது. எலும்பு இரண்டாக முறிந்தது. கம்பனியின் பதிவேட்டுக்கு ஸ்ரீஸ்கந்தராசா எழுதிக் கொடுத்த வரி: 'பாறைத் துண்டொன்று இடம்பெயர்ந்தது.' அந்த வருடம் கிழக்கில் சனம் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. ஒரு கல் இடம்பெயர்ந்தால் என்ன? சனம் போன இடத்திலெல்லாம் பொலிஸில் பதியவேண்டும்; கல்லுக்கு அந்தப் பதிவு மட்டும் தேவைப்படவில்லை.

றவூபின் மனைவி ருக்கியா முறைப்பாடு எழுத ஆள் தேடினார். கண்டியில் ஒரு பெரிய மனிதர் நன்றாக எழுதுவார் என்று யாரோ சொன்னார்கள். கம்பனிக்கும் அவர்தான் எழுதுகிறார் என்று சொல்ல மறந்துவிட்டார்கள். அவரும் சொல்லவில்லை. ருக்கியா நடந்ததைச் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதி, வாசித்துக் காட்டினார்.

"இதுல கல்லு எங்க சேர் ஈக்கி?"

தேடிப் பார்த்தார். இல்லைதான். தாளைக் கிழித்துவிட்டு, 'கம்பனி வைத்த வெடியில் கல் வந்து விழுந்து என் கணவரின் கால் முறிந்தது' என்று எழுதினார். மடித்து உறையில் போட்டுக் கொடுத்தார்.

கடிதம், கல்லுடைக்க அனுமதி கொடுக்கிற கண்டி அரசாங்க அலுவலகத்துக்குப் போனது; அங்கே தமிழ் வாசிக்க ஆளில்லை. சிங்களத்தில் ஆக்குவதற்காகப் பட்டியலிலிருந்த மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பினார்கள். யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? இரண்டு நாள் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பனி என்ன நினைக்கும் என்று யோசித்தார். றவூபின் காலையும் யோசித்தார். மூன்றாம் நாள், கை பழகிய வழியே போயிற்று: பாறைத் துண்டொன்று இடம்பெயர்ந்ததில் ஒருவரின் கால் பாதிப்புற்றது.

பதில் ஒழுங்காகவே வந்தது. பாறை தானாக இடம்பெயர்வது மண்சரிவின் அறிகுறி. அதற்குக் கம்பனி பொறுப்பல்ல. மழை ஓயும்வரை மனுதாரரும் இடம்பெயர்ந்து பாதுகாப்பாக இருக்கவும்.

ருக்கியாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கடிதத்தோடு அவரிடமே வந்தார். அவர் வாசித்துச் சொன்னார். மொழிபெயர்ப்பில் சிறு நழுவல் நேர்ந்திருக்கக்கூடும், சில சொற்கள் தம் இடத்தில் அமையாமல் போயிருக்கலாம் என்று ஏதேதோ விளக்கினார். முதல் தாளில் கல்லை ஒளித்த அதே பேச்சு என்று ருக்கியாவுக்குப் பிடிபட்டது.

"மாத்தி எழுதின நீங்கதானா?"

"ஓம்."

அவர் வாழ்க்கையில் பேசிய மிகச் சிறிய வசனம் அதுதான்.

ருக்கியா கோபிக்கவில்லை. மறுநாள் அந்தக் கல்லையே பையில் போட்டுக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறினார். வழியில் சோதனைச் சாவடியில் பையில் என்னவென்று ஆமிக்காரர் கேட்டார். "கல" என்றார். சிங்களத்திலும் கல்லுக்கு அவ்வளவுதான், மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. அலுவலகத்தில் அதிகாரியின் கோப்புக்கு மேல் அதைத் தூக்கி வைத்து, கூரையில் எவ்வளவு ஓட்டை, காலில் எந்த இடம் என்று கையாலே காட்டினார்.

அதிகாரி நேரில் வந்து பார்த்தார். வெடி மூன்று வாரம் நின்றது. பிறகு சிறிதாக, சைரன் ஊதிவிட்டு வைத்தார்கள். றவூபின் கால் கொஞ்சம் கட்டையாகவே பொருந்தியது. அடுத்த அறிக்கையில், சமூகத்தின் குரலுக்குச் செவிசாய்த்து மலைக்கு மூன்று வாரம் ஓய்வளித்ததாகக் கம்பனி எழுதியது. தமிழ், ஸ்ரீஸ்கந்தராசாதான். கடைசிப் பக்கத்தில் தன் பெயரை மட்டும் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள், கடைகளை உடைத்தார்கள், குண்டு போட்டார்கள், பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். அத்தனை வருடத்துக்கும் உங்கள் வீட்டில் வைத்திருக்கிற பெயர் என்ன? 'பிரச்சினை.' பிரச்சினைக்கு முதல், பிரச்சினைக்குப் பிறகு.

அந்தச் சொல்லை எடுத்துத் தந்தது ஸ்ரீஸ்கந்தராசா அல்ல.