ஒரு கேண்டலாப்ரத்தால் நின்றுபோன சம்பந்தம்

சேசு மரி சூசை துணை

பொன்மலை
9-5-1958

மதிப்புக்குரிய மச்சான் பிலோமின்ராஜ் அவர்களுக்கு சகாயநாதன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை ரோசரியும் சுகம். மகள் அமலராணியும் சுகம், கல்யாணம்தான் நின்றுபோய்விட்டது.

நீங்கள் சொன்ன மாப்பிள்ளை வீட்டார் நேற்றுச் சாயங்காலம் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் இருதயநாதன் முப்பது வருஷம் லத்தீன் கற்றுக்கொடுத்தவர் என்பதை நீங்கள் எழுதவில்லை. மரியாதையான குடும்பம் என்று மட்டும் எழுதினீர்கள். அது தெரியாமல் நான், சீமைக்குத் திரும்பிப்போன துரை எனக்குக் கொடுத்த மூன்று கிளை மெழுகுவத்தி விளக்கை மேசைமேல் ஏற்றிவைத்து, இது ஒரு கேண்டலாப்ரா என்று சொல்லிவிட்டேன். அவர் காப்பியைக் கீழே வைத்தார். “ஒண்ணுன்னா கேண்டலாப்ரம். பலதுன்னாத்தான் கேண்டலாப்ரா” என்றார். கிளை மூன்று இருக்கிறதே என்றேன். மாமரத்தில் நூறு கிளை இருந்தால் அது நூறு மரமா என்று கேட்டார். அத்தோடு நிறுத்தாமல், துரையே அப்படித்தான் சொன்னார் என்றேன். துரைக்கு லத்தீன் தெரியாது என்று சொல்லி, கண்டேலா என்றால் மெழுகுவத்தி, அது கண்டேரே, அதாவது வெள்ளையாய் ஒளிர்வது என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்று அரைமணி நேரம் விளக்கினார். அதற்குள் மெழுகு கேசரியில் சொட்டி உறைந்து, மாப்பிள்ளை அதை முந்திரி என்று வாயில் போட்டுக்கொண்டு, மரியாதைக்காக விழுங்கியும் விட்டார்.

அப்போது அமலராணி தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்துவிட்டு, ஒருவரும் கேட்காமலே, “கேண்டிடேட்டுங்கிற வார்த்தையும் அதுலேருந்துதாங்க வந்துச்சு. ரோமாபுரியில ஓட்டுக் கேக்கறவங்க வெள்ளை உடுத்திக்கிட்டுத்தான் வருவாங்களாம்” என்றாள். சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். உடனே மாப்பிள்ளை வீட்டார் கடிதம் போடுகிறோம் என்று எழுந்து போய்விட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா?

பெண்ணுக்கு இருபத்தாறு வயது. காலையிலிருந்து சாப்பிடவில்லை. கேட்டால், “பாவம்ப்பா, மெழுகை முழுங்கிட்டாரு” என்கிறாள். மச்சான், வரன் பார்ப்பது உங்களுக்குக் கைவந்த வேலை இல்லை. இனிமேல் பார்த்தால், தகப்பனார் என்ன பாடம் நடத்துகிறார் என்று விசாரித்துவிட்டுப் பாருங்கள்.

மணப்பாறையில் உங்கள் வீட்டார் எல்லோரையும் மாதா காப்பாராக.

இப்படிக்கு
சகாயநாதன்

பி.கு.: ஒட்டப்போகும் நேரத்தில் இருதயநாதன் நேரில் வந்தார். முப்பது வருஷத்தில் எந்த மாணவனும் தானாகக் கேண்டிடேட்டைச் சொன்னதில்லையாம். மாப்பிள்ளையும் வேறு பெண் வேண்டாம் என்கிறாராம். அமலராணிக்கும் சம்மதம். ஜூனில் கல்யாணம். காகிதம் வீணாகக்கூடாதென்று இதையே அனுப்புகிறேன்; உங்களைப் பற்றி எழுதியிருக்கும் வரிகளை மட்டும் படிக்காமல் விட்டுவிடவும்.